ரெண்டு தரம்

மகள்: இன்னொரு தடவை அமுக்குங்கப்பா.

அப்பா: தண்ணி வேணும்.

மகள்: இன்னொரு தடவை.

அப்பா: தண்ணி வேணும்.

மருமகன்: இந்தாங்க மாமா, தண்ணி.

மகள்: ஐயோ, அவருக்குத் தண்ணி வேண்டாங்க! பேசற பெட்டி நடுவுல நிக்குதா இல்லையான்னு சோதனை பண்ணிட்டிருக்கோம்.

மருமகன்: எனக்கென்ன ஜோசியமா தெரியும்? நாலு டம்ளர் கொண்டுவந்து வெச்சுட்டேன்.

அப்பா: குடிச்சிடறேன் மாப்ள. ஆசையா கொண்டு...

மகள்: குடிக்காதீங்க. விரலை எடுக்காதீங்க. தண்ணி பட்டன், உடனே வலி பட்டன். மாத்தி மாத்தி. வேகமா.

அப்பா: தண்ணி வேணும். வலிக்குது. தண்ணி வேணும். வலிக்குது. தண்ணி வேணும்.

மருமகன்: ஜன்னலையாவது சாத்து. தொண்டை ஆபரேஷன் ஆன மனுஷனை உள்ள வெச்சுக் கொடுமை பண்றோம்னு எதிர்வீட்டுல நினைச்சுக்கப் போறாங்க.

மகள்: ஒரு தடவைகூட நிக்க மாட்டேங்குதே... இன்னிக்கு ஆபீஸ்லயும் இதே கதைதான். ஆறு பேர் உக்காந்து தட்டிப் பார்த்தாங்க. நிக்கவே இல்ல. அப்பா, "பேசிட்டு இருக்கும்போதே பெட்டி நின்னுடுது"ன்னு நேத்து சாயங்காலம் சொன்னீங்கல்ல? எங்க நின்னுச்சு?

அப்பா: வீட்டுல.

மகள்: வீட்டுல எங்க?

அப்பா: ஹால்...

மருமகன்: ஹால்லதான். சோபா பக்கத்துல. நான் பார்த்தேன்.

மகள்: உங்களைக் கேட்டேனா?

மருமகன்: இல்ல... மாமா டைப் பண்ணி முடிக்க நேரமாகுமேன்னு...

மகள்: அந்த நேரத்துல என்ன சொல்லிட்டிருந்தீங்கப்பா? எந்தப் பட்டனை அமுக்கினீங்க?

அப்பா: ஞாபகம் இல்ல.

மகள்: ஞாபகம் இல்லாம எப்படி? அப்பா, இது விளையாட்டு இல்ல. நான் மாத்தின சாஃப்ட்வேர் இப்போதைக்கு, ஆபீஸை விட்டா, உங்க பெட்டியில மட்டுந்தான் ஓடுது. நாளைக்குக் காலையில எல்லாப் பெட்டிக்கும் போகுது. வாய் பேச முடியாம இந்தப் பெட்டியை நம்பி இருக்காங்களே, அத்தனை பேருக்கும். மேனேஜர்கிட்ட கெஞ்சிப் பார்த்துட்டேன். "நின்னுச்சுன்னு சொன்னா போதாதும்மா, நிறுத்திக் காட்டு, அப்பதான் நான் நிறுத்துவேன்"ங்கறார்.

மருமகன்: அப்படி என்னத்தைத்தான் மாத்தின நீ? நல்லாப் பேசிட்டிருந்த பெட்டி.

மகள்: நல்லாத்தான் பேசிச்சு. மத்தியானத்துக்குள்ள பேட்டரி தீந்து போச்சு. அதான் மாத்தினேன். பெட்டிக்குள்ள எல்லாத்துக்கும் அடியில ஒரு புரோகிராம் இருக்கும், கெர்னல்னு பேரு. யார் எப்ப வேலை செய்யணும், யார் எப்ப தூங்கணும்னு அதுதான் சொல்லும். அந்த இடத்துலதான் கை வெச்சேன்.

மருமகன்: பெட்டிக்குள்ள யாரு இருக்கா தூங்கறதுக்கு?

மகள்: ரெண்டு பேர்னு வெச்சுக்கோங்க. அப்பா விரல் பட்டதும் ஓடிவந்து எழுத்தை வாங்கிக்கறவன் ஒருத்தன். அதைச் சத்தமா பேசறவன் இன்னொருத்தன். எழுத்தெல்லாம் ஒரு அறையில இருக்கு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உள்ள நுழைஞ்சா எல்லாம் குழம்பிடும். அதனால ஒரு தாப்பாள்.

மருமகன்: நம்ம பாத்ரூம் மாதிரி.

மகள்: ...சரி, பாத்ரூம் மாதிரி. முன்னாடி என்ன நடக்கும்னா, வெளிய இருக்கறவன் கதவைத் தட்டிக்கிட்டே நிப்பான். ஆச்சா, ஆச்சா, ஆச்சா, ஆச்சான்னு...

மருமகன்: நீ தினமும் காலையில தட்டற மாதிரி.

அப்பா: உண்மை.

மகள்: ரெண்டு பேரும் சேர்ந்துக்கிட்டீங்களா? அவன் தட்டறதுக்கெல்லாம் பேட்டரி போகும். நான் என்ன பண்ணேன், "ஏண்டா நின்னு தட்டிக்கிட்டு, போய்த் தூங்கு, கதவு திறந்ததும் எழுப்பறேன்"னு மாத்தினேன். அதோட, பேசி முடிச்சு யாரும் எதுவும் அமுக்கலன்னா ஸ்பீக்கரையும் தூங்க வெச்சுடுவேன். இப்ப ராத்திரி வரைக்கும் சார்ஜ் நிக்குது.

மருமகன்: நல்ல காரியந்தானே?

மகள்: எனக்குப் புரியாதது அதுல்ல. கதவு தட்டற நிலைமை எப்ப வரும்? ஓயாமப் பேசினாத்தான் வரும். அப்பா சொல்றது என்ன? காலையில உங்ககூட வாக்கிங், அப்புறம் டிவி, அப்புறம் தூக்கம். அப்படிப்பட்டவருக்கு மத்தியானத்துக்குள்ள பேட்டரி எப்படித் தீரும்? காலங்காத்தால யார்கிட்ட அப்படிப் பேசறீங்க?

அப்பா: டிவிகிட்ட.

மருமகன்: ஆமா, மாமா டிவியைப் பார்த்துத் திட்டிக்கிட்டே இருப்பார்.

மகள்: நீங்க ரெண்டு பேரும் வாக்கிங் போறீங்களே, உங்க தொப்பை ஏன் அப்படியே இருக்கு?

மருமகன்: அது... மெதுவா நடப்போம்.

மகள்: அப்பா, என்னைப் பார்த்துச் சொல்லுங்க. நேத்துக் காலையில எங்க இருந்தீங்க?

அப்பா: பாப்பா... நான்... வீட்டுல...

மகள்: ம். வீட்டுல?

மருமகன்: மாமா?

மகள்: ஏன் பெட்டியைத் தட்டறீங்க? அப்பா... நின்னுடுச்சா? நின்னுடுச்சா! கையை எடுங்க, எதையும் தொடாதீங்க! எந்தப் பட்டன்? கடைசியா என்ன அமுக்கினீங்க? கையைக் காட்டாதீங்க, புரியல... சே, நான் பார்க்காமப் போயிட்டேன். பொய் சொல்லும்போது மட்டும் நிக்குதா இது?

மருமகன்: எனக்கும் ஒரு பெட்டி வாங்கிக் குடு.

மகள்: பின்னாடி பட்டனை அழுத்திப் பிடிங்கப்பா. ஆங்... விட்டுடுங்க. பச்சை விளக்கு வர்ற வரைக்கும் பேச முடியாது.

மருமகன்: ரொம்ப நேரம் எடுக்கும் இது. அன்னிக்கும் இப்படித்தான், இது கண்ணைத் திறக்கறதுக்குள்ள மொத்தக் கூட்டமும் ஒரே கத்தல்...

மகள்: எந்தக் கூட்டம்?

மருமகன்: ...கூட்டமா?

மகள்: கூட்டம்னு சொன்னீங்க. அப்பா, மேஜையை ஏன் அடிக்கறீங்க? இருங்க, உங்க முறை வரும். நீங்க சொல்லுங்க. எந்தக் கூட்டம்?

மருமகன்: பார்க்ல... வாக்கிங் வர்றவங்க...

மகள்: வாக்கிங் வர்றவங்க எதுக்குக் கத்தணும்?

மருமகன்: மாமா, அப்படிப் பார்க்காதீங்க. இவ கேக்கற கேள்விக்கு நான் எவ்வளவு நேரம்தான் தாக்குப்பிடிக்கறது? நீங்களாவது பேச முடியாம உக்காந்திருக்கீங்க, எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்ல... மார்க்கெட்டும்மா.

மகள்: எந்த மார்க்கெட்?

மருமகன்: காய்கறி மொத்த மார்க்கெட். மாமா மறுபடியும் ஏலம் விடப் போறார். நான்தான் தினமும் வண்டியில கொண்டுபோய் விட்டுட்டு வெளிய டீக்கடையில உக்காந்திருப்பேன். அதான் தொப்பை.

மகள்: பச்சை விளக்கு வந்துடுச்சு. சொல்லுங்கப்பா.

அப்பா: துரோகி.

மருமகன்: மாமா!

மகள்: அவரை அப்புறம் திட்டலாம். டாக்டர் என்ன சொன்னார்? கழுத்து ஓட்டைக்குள்ள தூசி போகக் கூடாதுன்னு சொன்னாரா இல்லையா? எனக்கு என்ன சத்தியம் பண்ணிக் கொடுத்தீங்க?

அப்பா: துணி கட்டிக்கிட்டுத்தான்...

மகள்: துணி கட்டிட்டா தூசி போகாதா? வெங்காயத் தோலும் மண்ணும்...

அப்பா: ரெண்டு மடிப்பு.

மருமகன்: ஈரத்துணி. நான்தான் நனைச்சுக் குடுப்பேன்.

மகள்: ரொம்பப் பெருமை! வீட்டுல என்ன குறைப்பா உங்களுக்கு? சாப்பாடு இல்லையா, துணி இல்லையா? பேச்சுத் துணைக்கு நாங்க இல்லையா? எதுக்காக அங்க...

அப்பா: அங்க

மகள்: அங்க பழைய ஆளுங்க இருக்காங்க, அதானே? அவங்களை வீட்டுக்கு வரச் சொல்லலாமே.

அப்பா: பாத்தியா.

மகள்: என்னத்தைப் பாத்தேன்?

அப்பா: நான் அங்கன்னு ஒரு வார்த்தை சொன்னேன். மிச்சத்தை நீயே சொல்லிட்ட. இங்க நான் டைப் பண்ணி முடிக்கறதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் பதில் சொல்லிடறீங்க. தப்பு சொல்லல. அவசரம் உங்களுக்கு.

மருமகன்: மாமா, நான் உதவியாத்தான்...

அப்பா: தெரியும் மாப்ள. அங்க நான் வாயைத் திறக்கற வரைக்கும் நூறு பேர் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். நான் சொல்றதை எனக்கு முன்னாடி சொல்ல அங்க ஒருத்தனும் கிடையாது.

மகள்: ...சொல்லுங்கப்பா. குறுக்க பேசல.

அப்பா: அவ்வளவுதான். முடிஞ்சது.

மருமகன்: ஏம்மா, நீ வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பேன்னு நினைச்சேன். இவ்வளவு சுலபமா விட்டுட்ட?

மகள்: விடல. குதிக்கறதை நாளைக்கு வெச்சுக்கறேன். இப்ப எனக்குப் பெட்டிதான் முக்கியம். அப்பா, ஏலத்துல எந்த இடத்துல நிக்கும்? நிதானமா சொல்லுங்க.

அப்பா: ரெண்டு தரத்துக்கும் மூணு தரத்துக்கும் நடுவுல.

மகள்: எப்பவுமேவா?

அப்பா: எப்பவும் இல்ல. நின்னா அங்கதான்.

மருமகன்: ஐயோ, ஒரு நாள் உள்ள எட்டிப் பார்த்தேன், அந்தக் கூத்தை நீ பார்க்கணுமே! ஒரு தரம், ரெண்டு தரம்னு சொல்லும். அப்புறம் சத்தமே இருக்காது. வாங்க வந்தவங்க ஒருத்தரையொருத்தர் பார்த்துப்பாங்க. மூணு தரம் வரலியே, வேற எவனோ கேட்டுட்டானோன்னு இவன் ஏத்துவான், அவன் ஏத்துவான். பெட்டி நின்னுபோச்சுன்னு ஒருத்தருக்கும் தெரியாது. மாமா முகத்துல ஒரு அசைவு இருக்காது. கல்லு மாதிரி நிப்பார்.

அப்பா: வேற என்ன பண்ண.

மருமகன்: "மைக்செட் பழைய மாதிரியே கழுத்தறுக்குறாரு"ன்னு ஒரே பாராட்டு. அங்க மாமாவுக்கு மைக்செட்டுன்னுதான் பேரு.

மகள்: அந்த ரெண்டு தரத்துக்கு அப்புறம் எவ்வளவு நேரம் விடுவீங்க? ஆபரேஷனுக்கு முன்னாடியும் அப்படி ஒரு இழுப்பு இழுப்பீங்கல்ல?

அப்பா: அது அளந்து வராது. கூட்டத்து முகத்தைப் பார்ப்பேன். இன்னொருத்தன் வாயைத் திறக்கப் போறானான்னு. இல்லன்னு தெரிஞ்ச உடனே போட்டுடணும். முந்தினா நஷ்டம். பிந்தினா சூடு ஆறிடும்.

மகள்: அப்பா... இங்க செஞ்சு காட்டுங்க. இப்பவே.

அப்பா: எதை ஏலம் விட?

மருமகன்: ஃபிளாஸ்க்ல ஒரு காபிதான் மிச்சம் இருக்கு. அதை விடுங்க.

அப்பா: ஒரு காபி. சூடு. யார் கேக்கறா?

மருமகன்: நான்! இன்னிக்குப் பாத்திரம் நான் தேய்க்கறேன்.

மகள்: இந்த வாரம் பூரா நான் தேய்க்கறேன். அப்பா, என்னைப் பார்க்காதீங்க, உங்க பாட்டுக்கு விடுங்க.

அப்பா: ஒரு வாரம் பாத்திரம். ஒரு தரம்.

மருமகன்: வாரம் பூரா பாத்திரம், அதோட துணி மடிக்கறேன்!

அப்பா: துணியும் சேர்த்து. ஒரு தரம்... ரெண்டு தரம்... மூணு தரம்.

மருமகன்: ஜெயிச்சுட்டேன்! ...ஐயோ, என்ன ஜெயிச்சேன்?

மகள்: நிக்கலியே. இன்னொரு தடவை. இவர் முகத்தை நிஜமாவே பாருங்கப்பா. ஏத்தப் போறாரா இல்லையான்னு.

அப்பா: அதே காபி. ஒரு தரம்... ரெண்டு தரம்...

மருமகன்: நான் ஏத்த மாட்டேன்.

மகள்: ...

மருமகன்: மாமா, மூணு சொல்லுங்க. காபி ஆறுது.

மகள்: அமுக்கினீங்களா? தலையை ஆட்டுங்க போதும். அமுக்கினீங்க! நின்னுடுச்சு! நின்னுடுச்சுங்க!

மருமகன்: பெட்டி செத்துப்போனதுக்கு இப்படிக் குதிக்கற ஒரே ஆளு நீதான்.

மகள்: மறுபடியும் ஆன் பண்ணுங்கப்பா. ஃபோன்ல வீடியோ எடுக்கறேன். அதுக்குள்ள உங்களுக்குச் சொல்றேன், கேளுங்க. ஆபீஸ்ல தட்டினவங்க ஒண்ணு, விடாமத் தட்டினாங்க. இல்ல, தட்டிட்டு எழுந்து போயிட்டாங்க. யாருமே ஒரு வார்த்தை சொல்லிட்டு அடுத்தவன் முகத்தைப் பார்க்கல. அப்பா விடற அந்த இழுப்பு இருக்கே, அது சரியா ஸ்பீக்கர் தூங்கப் போற நேரம்!

மருமகன்: தூங்கினா என்ன? எழுப்ப வேண்டியதுதானே?

மகள்: அங்கதான் கோட்டை விட்டுட்டேன். ஸ்பீக்கரை அணைக்கறதுக்கு அந்தப் பேசறவன் உள்ள போய்த் தாப்பாள் போடறான். அது அணையற வரைக்கும் வெட்டியா முழிச்சுட்டு இருப்பானேன்னு, அவனையும் கண்ணசர விட்டுட்டேன். தாப்பாளைத் திறக்காமலே தூங்கறான்!

மருமகன்: பாத்ரூமுக்குள்ள.

மகள்: பாத்ரூமுக்குள்ளதான். அந்த நேரம் பார்த்து அப்பா விரல் படுது. விரலுக்கு ஓடிவர்றவன் அவசரக்காரன், அவன் தூங்கவே கூடாது, அதுதான் சட்டம். அவன் கதவு முன்னாடி நின்னு தட்டிக்கிட்டே இருக்கான். பெட்டியில இருக்கற ஒரே வழியை அடைச்சுக்கிட்டு! உள்ள இருக்கறவனை எழுப்பணும்னா இவன் வழி விடணும். இவன் வழி விடணும்னா உள்ள இருக்கறவன் எழுந்து திறக்கணும்.

மருமகன்: அப்ப ரெண்டு பேரும் ஆயுசுக்கும் அப்படியேதானா?

மகள்: பின்னாடி பட்டனை அழுத்தற வரைக்கும். மிச்சம் பிடிக்கற ஆசையில தாப்பாளை மறந்துட்டேன். தூங்கப் போறவன் யாரா இருந்தாலும் தாப்பாளைத் திறந்து வெச்சுட்டுத்தான் தூங்கணும். இந்த ஒரு வரியை எத்தனை பேருக்கு நானே பாடம் எடுத்திருக்கேன் தெரியுமா?

அப்பா: வந்துட்டேன்.

மகள்: விடுங்கப்பா. வீடியோ ஓடுது.

அப்பா: ஆறின காபி. ஒரு தரம்... ரெண்டு தரம்...

மருமகன்: இழுக்கறார்... இழுக்கறார்... நின்னுடுச்சு!

மகள்: அனுப்பிட்டேன். மேனேஜர் பார்த்துட்டார்... ஏதோ டைப் பண்றார்... "காபியை யார் குடிச்சது?"ங்கறார்.

மருமகன்: அவ்வளவுதானா?

மகள்: இருங்க... "நாளைக்கு அனுப்ப வேண்டாம். நிறுத்தச் சொல்லிட்டேன்." அப்பாடா! நிறுத்திட்டாங்கப்பா. யார் பெட்டிக்கும் போகாது.

அப்பா: பாப்பா.

மகள்: சொல்லுங்கப்பா. காத்திருக்கேன்.

அப்பா: சிவப்புப் பட்டன். அவசரத்துக்கு அமுக்கறது. அதுவும் இதே கதவுதானா?

மகள்: இப்போதைக்கு ஆமா. இனிமே இல்ல. தாப்பாளைச் சரி பண்ணாலும், தூங்கற ஸ்பீக்கர் எழுந்திரிக்க ஒரு நொடி ஆகும். சிவப்புக்கு அந்த ஒரு நொடிகூட ஆகக் கூடாது. அது போற வழியில ஒருத்தரும் தூங்காம முழிச்சுட்டே இருக்கட்டும்னு எழுதப் போறேன். பேட்டரி ராத்திரி வரைக்கும் வராது, சாயங்காலத்தோட தீந்துடும். மேனேஜர் முகத்தைத் தூக்கி வெச்சுப்பார். வெச்சுக்கட்டும்.

மருமகன்: மாமா, எனக்கு ஒண்ணு புரியல. பெட்டி நின்னா உங்களுக்கு லாபம்தானே? விலை ஏறுது, மைக்செட்டுக்குப் பாராட்டு வேற. இத்தனை நாள் ரசிச்சுட்டு, நேத்து மட்டும் ஏன் இவகிட்ட நிக்குதுன்னு சொன்னீங்க?

அப்பா: நேத்து நீ டீக்கடையில இருந்த.

மருமகன்: எப்பவும் அங்கதானே இருப்பேன். என்ன ஆச்சு?

அப்பா: தக்காளிப் பெட்டி அடுக்கியிருந்தான். ரெண்டாள் உயரம். ரெண்டு தரம் சொல்லிட்டுக் கூட்டத்தைப் பார்க்கறேன். பின்னாடி அடுக்கு சாயுது. கீழ மூட்டை தூக்கறவர் குனிஞ்சு கயிறு கட்டறார். எல்லாரும் என் வாயையே பார்த்துட்டு இருக்காங்க. அது சாயறது எனக்கு மட்டுந்தான் தெரியுது.

மருமகன்: ஐயோ...

அப்பா: சிவப்பை அமுக்கினேன். ஊமை. மறுபடியும் அமுக்கினேன். ஊமை. வாயைத் திறந்து கத்தினேன். கழுத்து ஓட்டையில காத்துதான் வந்துச்சு.

மருமகன்: எங்கிட்டகூடச் சொல்லலியே மாமா... அவருக்கு என்ன ஆச்சு?

அப்பா: ஒண்ணும் ஆகல. "தள்ளிப் போ"ன்னு ஒரு சத்தம். மார்க்கெட்டே அதிர்ந்துச்சு. அவர் ஒரே தாவு. அடுத்த நொடி அவர் நின்ன இடத்துல பூரா தக்காளிச் சாறு.

மருமகன்: யார் கத்தினது?

அப்பா: தெரியல. பின்னாடி எங்கயோ. பொம்பளைக் குரல். ஆனா மாப்ள, அங்க இருக்கற பழைய ஆளுங்க அத்தனை பேரும் சத்தம் வந்த பக்கம் பார்க்கல. என்னைத்தான் திரும்பிப் பார்த்தாங்க.

மருமகன்: உங்களை எதுக்கு?

அப்பா: அப்படியே என் பழைய குரல். எனக்கே ஒரு நிமிஷம்... திரும்ப வந்துடுச்சோன்னு... கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

மருமகன்: அட... நீ ஏன் முகத்தைத் திருப்பிக்கற?

மகள்: அந்தக் குரல் வேற யாருக்குப்பா இருக்கும்? பேட்டரிக் கணக்கு இடிச்சதால, முந்தாநாளும் நேத்தும் ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டு வெங்காய மூட்டைக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன்.